ஓபலில் 5சிபி நிரப்பியும் பீக் நகரவில்லை, எங்கே தவறு?

இரண்டாம்வருடம் எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், வழி தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

300 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகளை எத்தனாலில் கலக்கி, ஐ.டி.ஓ. (ஒளி புகும், மின்சாரம் கடத்தும் பூச்சு) பூசிய கண்ணாடித் தட்டை அதில் செங்குத்தாக நிறுத்தி, மெதுவாக ஆவியாகவிட்டு, உருண்டைகள் ஒழுங்காக நெருங்கி அடுக்கிய ஓபல் படலம் வளர்த்தேன். தடிமன் சுமார் 10 மைக்ரான். அதன்மேல் இன்னொரு ஐ.டி.ஓ. தட்டு, தட்டுகளுக்கு இடைவெளி விட ஓரங்களில் 12 மைக்ரான் ஸ்பேசர். காய்ந்த படலத்தின் எதிரொளிப்பு பீக் (மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும் அலைநீளம்) 655 நானோமீட்டரில் இருந்தது, பளிச்சென்ற சிவப்பு. பிறகு 40 டிகிரிக்குச் சூடாக்கி, 5சிபி திரவப் படிகத்தை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். அதுவே உள்ளே உறிஞ்சிக்கொண்டது. பீக் 724க்குப் போனது. ஆனால் உயரம் 60 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக விழுந்துவிட்டது.

இனிதான் பிரச்சினை. 25 டிகிரியிலிருந்து 40 வரை சூடாக்கினால் பீக் 2 நானோமீட்டர்தான் நகர்கிறது. அதற்குப் பதிலாக 35 டிகிரியில் அதன் உயரம் திடீரென்று 12லிருந்து 20 சதவீதமாக ஏறுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் (1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, ஜெனரேட்டரின் உச்ச அளவான 20 வோல்ட் பீக் டு பீக், அதாவது அலையின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை) பீக் அசையவே இல்லை. ஆனால் குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு நடுவே பார்த்தால் 17 வோல்ட் தாண்டியதும் வெளிச்சம் மாறுகிறது! அப்படியென்றால் உள்ளே ஏதோ திரும்புகிறதுதானே? பிறகு ஏன் நிறம் நகரவில்லை?

மின்புலத்தால் நிறம் மாற்றக்கூடிய ஃபோட்டானிக் படிகம் (ஒழுங்கான அடுக்கால் சில அலைநீளங்களை மட்டும் தடுத்துத் திருப்பும் பொருள்) என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் குழுவின் முன் பேச வேண்டும்.

கண்ணாடித்தட்டு எழுதியது:

முதலில் இரண்டு தட்டுகளும் எங்காவது ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று மின்தடை பாருங்கள். நேர்மின்னோட்டம் கொடுக்காமல் மாறுமின்னோட்டம் கொடுத்தது சரி. நேர்மின்னோட்டத்தில் அயனிகள் தட்டுகளில் போய்க் குவிந்து புலத்தை மறைத்துவிடும். 5சிபியை விட்டு ஈ7 என்ற திரவப் படிகக் கலவைக்கு மாறிப் பாருங்கள். அதன் இரட்டை விலகல் (இரண்டு ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வேறுபாடு) அதிகம், 60 டிகிரி வரை நெமாட்டிக்காகவே, அதாவது மூலக்கூறுகள் ஒரு பக்கம் பார்த்து நிற்கும் நிலையிலேயே இருக்கும்.

ஓபல்காரி எழுதியது:

இரண்டாம்வருடம், உங்கள் அளவீடுகள் எல்லாமே சரி. தவறு எதுவும் நடக்கவில்லை. சாதாரண ஓபலும் 5சிபியும் சேர்ந்தால் இதுதான் வரும். இதே ஜோடியோடு ஒன்றரை வருடம் மல்லுக்கட்டியவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காகிதத்தில் கணக்குப் போடுவோம். நேராக விழும் ஒளிக்கு பீக் எங்கே வரும்? அடுக்குகளுக்கு இடையிலுள்ள தூரத்தை சராசரி ஒளிவிலகல் எண்ணால் பெருக்கி, அதை இரட்டித்தால் அதுதான் அலைநீளம். நெருங்கி அடுக்கிய உருண்டைகளில் அடுக்குத் தூரம் விட்டத்தின் 0.816 பங்கு, உங்களுக்கு 245 நானோமீட்டர். கன அளவில் 74 சதவீதம் சிலிக்கா, 26 சதவீதம் பொந்து. ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தை இந்த விகிதத்தில் சராசரி எடுத்துப் பாருங்கள். பொந்தில் காற்று இருந்தால் 660 வரும், 5சிபி இருந்தால் 728 வரும். நீங்கள் அளந்தது 655, 724. இவ்வளவு நெருக்கமாக வருகிறதென்றால் உங்கள் படலம் நன்றாக வளர்ந்திருக்கிறது, பொந்துகளும் முழுக்க நிரம்பியிருக்கின்றன. அதைச் செய்யவே எனக்கு நான்கு மாதம் ஆனது.

உயரம் விழுந்ததற்குக் காரணம் எளிது. முன்பு சிலிக்காவின் 1.45க்கு எதிரே காற்றின் 1. இப்போது 1.45க்கு எதிரே 1.58, 1.59. வேறுபாடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. எதிரொளிப்பே இந்த வேறுபாட்டால்தான் வருகிறது.

இப்போது சூடாக்கியது. 5சிபிக்கு இரண்டு ஒளிவிலகல் எண்கள். மூலக்கூறின் நீளவாக்கில் அதிரும் ஒளிக்கு 1.71, குறுக்கே அதிரும் ஒளிக்கு 1.53. இந்த 0.18 வேறுபாட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறோம், நானும் ஆசைப்பட்டேன். ஆனால் அந்த வேறுபாடு முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால் எல்லா மூலக்கூறுகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். உங்கள் ஓபலில் ஒவ்வொரு பொந்தும் தனி அறை. அறைக்கு அறை மூலக்கூறுகள் வேறு வேறு திசையில் சாய்ந்திருக்கின்றன. எல்லாத் திசைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், இரண்டு பங்கு 1.53, ஒரு பங்கு 1.71, ஆக 1.59. 35 டிகிரியைத் தாண்டி ஒழுங்கு முழுவதும் கலைந்து சாதாரணத் திரவமானால் 1.58. ஒழுங்கு கலைந்த திரவமும், ஒழுங்கிருந்தும் திசை சிதறிய நெமாட்டிக்கும் ஒளிக்குச் சராசரியில் ஏறக்குறைய ஒன்றுதான். 728லிருந்து 727க்குப் போவதை நிறமாற்றம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் 35 டிகிரியில் உயரம் ஏன் எகிறுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பொந்துக்குப் பொந்து திசை மாறினால், ஒளிக்கு ஒவ்வொரு பொந்தும் சற்று வேறு பொருளாகத் தெரியும். படிகத்தின் ஒழுங்கு அங்கே குலைகிறது, ஒளி சிதறுகிறது, பீக் மங்குகிறது. திரவமாகிவிட்டால் எல்லாப் பொந்தும் ஒன்றுபோல் ஆகிவிடும், சிதறல் நின்று பீக் எழும்பும். ஷோய்ச்சி குபோ, ஒசாமு சாட்டோ, அகிரா புஜிஷிமா ஆகியோரின் குழு 2002ல் இதையே ஒரு ஸ்விட்சாகப் பயன்படுத்தியது. தலைகீழ் ஓபலில் (உருண்டைகள் இருந்த இடம் பொந்தாகவும் இடுக்கு சுவராகவும் மாறிய ஓபல்) 5சிபியோடு, ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீன் மூலக்கூறுகளைக் கலந்து நிரப்பி, புற ஊதா ஒளி பட்டதும் நெமாட்டிக் திரவமாகும்படி செய்தார்கள். சூடாக்காமலே, வெறும் ஒளியால் எதிரொளிப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. நீங்கள் பிரச்சினை என்று எழுதிய அந்த 12லிருந்து 20 தாவல் உண்மையில் ஒரு நல்ல முடிவு. அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

மின்னழுத்தத்துக்கு வருவோம். ஜெனரேட்டர் காட்டும் 20 வோல்ட் பீக் டு பீக்கை நம்பாதீர்கள். சைன் அலையில் அது 7 வோல்ட் ஆர்.எம்.எஸ். (அலையின் பயனுறு சராசரி அளவு) மட்டுமே. திரவப் படிகத்துக்குத் தெரிவது ஆர்.எம்.எஸ்.தான்.

சாதாரண தட்டைச் செல்லில் 5சிபி திரும்பத் தொடங்கும் மின்னழுத்தம் சுமார் 0.73 வோல்ட். செல்லின் தடிமன் 5 மைக்ரானாக இருந்தாலும் 50 மைக்ரானாக இருந்தாலும் அதே 0.73தான், அதனால்தான் கைக்கடிகாரத் திரை ஒரு சின்ன பேட்டரியில் ஓடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு தட்டுக்குத் தட்டு தடையில்லாத ஒரே அறைக்கு. உங்களிடம் இருப்பது வரிசையாக அடுக்கிய நூறு குட்டி அறைகள், ஒவ்வோர் அறைச் சுவரும் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக அந்த 0.73 வேண்டும். உங்கள் ஓபலில் பெரிய பொந்தின் அகலம் 124 நானோமீட்டர், சின்னதின் அகலம் 67. ஒரு மைக்ரானுக்குப் பெரியதில் 6 வோல்ட், சின்னதில் 11 வோல்ட். 10 மைக்ரான் படலத்துக்கு 60லிருந்து 110 வோல்ட், அதுவும் திரும்பத் தொடங்குவதற்கு மட்டும். முழுதாகத் திருப்ப இன்னும் பல மடங்கு வேண்டும். நீங்கள் கொடுத்தது 7.

சரி, இருநூறு முந்நூறு வோல்ட் கொடுத்து எல்லாவற்றையும் புலத்தின் திசையில் நிற்கவைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராக வரும் ஒளிக்கு அப்போது 1.53 மட்டும் தெரியும். பீக் 728லிருந்து 720க்கு வரும். வெறும் 8 நானோமீட்டர்! உங்கள் வடிவமைப்பின் உச்ச வரம்பே அவ்வளவுதான். இந்த எண்ணைக் கண்டுபிடிக்கக் காகிதமும் பேனாவும் போதும், நான் அதைப் போட்டுப் பார்த்தது 14 செல்களை வீணாக்கிய பிறகு. கண்ணாடித்தட்டு சொன்ன ஈ7 இங்கே உதவாது. அதன் இரட்டை விலகல் 0.22, கொஞ்சம் கூடுதல், ஆனால் அதைத் திருப்ப 5சிபியை விட அதிக மின்னழுத்தம் வேண்டும்.

கடைசியாக அந்த 17 வோல்ட். ஸ்பேசர் 12 மைக்ரான், படலம் 10. மேலே 2 மைக்ரானுக்கு ஓபல் இல்லாத வெறும் 5சிபி நிற்கிறது. 17 வோல்ட் பீக் டு பீக் என்றால் 6 வோல்ட் ஆர்.எம்.எஸ். அதில் பெரும்பகுதி ஓபலிலேயே இறங்கிவிடும், எட்டில் ஒரு பங்குதான் மேலடுக்குக்கு. 6ஐ எட்டால் வகுத்தால் 0.75. திரும்பியது ஓபலில் இருக்கும் 5சிபி இல்லை, மேலே நிற்கும் உபரி. நானும் இதை ஓபலின் மாற்றம் என்று நம்பி இரண்டு மாதம் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருநாள் தட்டுகளை அழுத்தி உபரியைப் பிதுக்கிவிட்டு மறுபடி அளந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அன்று இரவு வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். ஒரு ஃபோட்டோடையோடை ஆசிலோஸ்கோப்பில் இணைத்து, மின்னழுத்தத்தை நிறுத்தியதும் வெளிச்சம் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். தளரும் நேரம் அறை அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 மைக்ரான் உபரி என்றால் 5 மில்லிசெகண்ட் சுற்றி வரும். பொந்துக்குள் என்றால் 20 மைக்ரோசெகண்ட் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

இரண்டாம்வருடம் எழுதியது:

அக்கா, படித்ததும் முதலில் மனம் உடைந்தது, இரண்டாம் முறை படித்தபோது கொஞ்சம் தெளிந்தது. கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், அதே 8 நானோமீட்டர் வருகிறது. ஃபோட்டோடையோடு நாளை கிடைக்கும்.

ஒரு கேள்வி மட்டும். இப்படி என்றால் திரவப் படிகத்தால் ஃபோட்டானிக் படிகத்தை மாற்றலாம் என்பதே வெறும் பேச்சா? எத்தனையோ கட்டுரைகளில் பெரிய நகர்வு காட்டுகிறார்களே.

ஓபல்காரி எழுதியது:

வெறும் பேச்சு இல்லவே இல்லை. படிகத்தின் எந்த இடத்தில் திரவப் படிகத்தை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1999ல் கர்ட் புஷ்ஷும் சஜீவ் ஜானும் இந்த யோசனையை முன்வைத்தபோது சிலிக்கா ஓபலைப் பற்றிப் பேசவில்லை. அதிக ஒளிவிலகல் எண்ணுள்ள பொருளில் செய்த தலைகீழ் ஓபல், அதன் உள்சுவரில் திரவப் படிகப் பூச்சு, நடுவே காற்று. அங்கே எல்லாத் திசைக்கும் பொதுவான முழு இடைவெளி (எந்தத் திசையிலும் ஒளி புக முடியாத அலைநீளப் பட்டை) ஒன்று இருக்கிறது, அதைத் திறக்கவும் மூடவும் முடியும் என்று காட்டினார்கள். உங்களிடமும் என்னிடமும் இருப்பது ஒரு திசையில் மட்டும் ஒளியைத் தடுக்கும் பட்டை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த வருடமே, 2000ல், லியோனார்டும் வான் டிரீலும் ஜான், புஷ், கோசெல் முதலியோரோடு சேர்ந்து, சிலிக்கானில் 1.58 மைக்ரான் இடைவெளியில் முக்கோண ஒழுங்காகத் துளைகள் போட்ட படிகத்தில் ஈ7 நிரப்பினார்கள். ஒரு முனைவாக்கத்துக்கு (ஒளி அதிரும் திசைக்கு) ஒளி புகாத அலைநீள இடைவெளி 4.4 மைக்ரானிலிருந்து 6 மைக்ரான் வரை இருந்தது. 59 டிகிரி வரை சூடாக்கியபோது அதன் குறுகிய அலைநீள விளிம்பு 70 நானோமீட்டர் நகர்ந்தது. சூட்டிலேயே நகர்ந்ததைக் கவனியுங்கள். நீளமான உருளைத் துளைக்குள் மூலக்கூறுகள் ஒரே மாதிரி அமைகின்றன, துளைக்குத் துளை திசை சிதறுவதில்லை. பொந்தின் வடிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

உங்களுக்கு இருக்கும் ஒரு மாதத்தில் இதெல்லாம் முடியாது. முடியக்கூடியவை இரண்டு.

ஒன்று, தலைகீழ் ஓபல். பாலிஸ்டைரீன் உருண்டைகளை அடுக்கி, இடுக்கில் சிலிக்கா கரைசலை இறக்கி, சூட்டில் உருண்டைகளை எரித்துவிடுங்கள். இப்போது 74 சதவீதம் திரவப் படிகத்துக்கே. உருண்டைகளின் மையங்கள் 300 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கும்படி வந்தால், என் கணக்குப்படி 762லிருந்து 740 வரை 22 நானோமீட்டர் நகரலாம். பொந்தும் பெரியது, 10 மைக்ரானுக்கு 24 வோல்ட்டில் திரும்பத் தொடங்கும். எரிக்கும்போது படலம் சுருங்கும், அதனால் உருண்டையைப் பெரிதாக எடுங்கள். ஐ.டி.ஓ. தட்டைக் காற்றில் 450, 500 டிகிரிக்குக் கொண்டுபோனால் மின்தடை ஏறிவிடும். எஃப்.டி.ஓ. என்ற இன்னொரு கடத்தும் பூச்சுள்ள தட்டு அந்தச் சூட்டைத் தாங்கும்.

இன்னொன்று, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் எடுப்பேன். முப்பரிமாணத்தை விட்டுவிட்டு ஒருபரிமாணத்துக்கு வாருங்கள். டைட்டானியம் டையாக்சைடு 64 நானோமீட்டர், சிலிக்கா 103 நானோமீட்டர் என்று மாறி மாறிப் பூசினால் 600 நானோமீட்டரில் 180 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் கண்ணாடி கிடைக்கும். அப்படி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 2 மைக்ரான் 5சிபி. தடுக்கும் பட்டையின் நடுவே ஊசிபோல் மெல்லிய கோடுகளாக ஒளி கடந்து வரும். நடுவில் இருப்பது ஒரே பெரிய அறை, பாலிஇமைடு என்ற பாலிமரைப் பூசித் துணியால் ஒரே திசையில் தேய்த்தால் மூலக்கூறுகள் எல்லாம் அந்தத் திசையில் படுத்துவிடும். தேய்த்த திசையிலேயே போலரைசரை வைத்துப் பாருங்கள். அந்த 0.18 முழுவதும் உங்கள் கையில்! ஒரு கோட்டை 10 சதவீதம், அதாவது 60 நானோமீட்டர் வரை தள்ள இடமிருக்கிறது. தட்டை ஒட்டிய மூலக்கூறுகள் அசையாது, ஒளி கண்ணாடி அடுக்குகளுக்குள்ளும் கொஞ்சம் போய்வரும், அதனால் பாதி கிடைத்தாலே நல்லது. அந்தப் பாதியே ஓபலைப் போல மூன்று நான்கு மடங்கு, அதுவும் சில வோல்ட்டில். ஐ.டி.ஓ.வைக் கண்ணாடி அடுக்குகளுக்கு வெளியே வைத்தால் மின்னழுத்தம் கொஞ்சம் அவற்றிலும் இறங்கும், அதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

நெமாட்டிக்நேசன் எழுதியது:

ஓபல்காரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திரவப் படிகத்தை இன்னொன்றுக்குள் நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றில்லை. கொலஸ்டெரிக் வகை தானாகவே சுருள்படிக்கட்டுபோல் முறுக்கிக்கொண்டு ஒருபரிமாண ஃபோட்டானிக் படிகமாக நிற்கும். முறுக்கின் நீளத்தைச் சராசரி ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் அதன் நிறம். தன் முறுக்கின் பக்கமே (வலம் அல்லது இடம்) சுழலும் வட்ட முனைவாக்கத்தை மட்டும் எதிரொளிப்பதால் சாதாரண ஒளியில் பாதிதான் திரும்பும். சூட்டுக்கு நிறம் அழகாக ஓடும். மின்புலத்துக்குத்தான் அடம்பிடிக்கும், நிறம் நகர்வதற்கு முன் சுருள் சாய்ந்து குலைந்துவிடும். முப்பரிமாணம் வேண்டுமென்றால் நீலக் கட்டம், அதாவது முறுக்குகள் மூன்று திசையிலும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் திரவப் படிக நிலை, இருக்கிறது. முன்பு ஒரு சில டிகிரிக்குள் மட்டுமே நிலைத்தது. கிகுச்சி குழு 2002ல் பாலிமர் வலை கொண்டு அதை 60 டிகிரிக்கும் மேற்பட்ட வீச்சில் நிலைக்கச் செய்தது.

இரண்டாம்வருடம் எழுதியது:

ஃபோட்டோடையோடு வைத்து அளந்துவிட்டேன். தளரும் நேரம் 6 மில்லிசெகண்ட். பத்து முறை எடுத்தேன், ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவிலேயே நிற்கிறது. மைக்ரோசெகண்ட் அளவில் எதுவும் இல்லை. ஓரங்களில் கிளிப் போட்டு அழுத்தி உபரியைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டு மறுபடி அளந்தேன், நேரம் இன்னும் இறங்கியது. அக்கா சொன்னது அந்தப் படியே.

வழிகாட்டியிடம் 8 நானோமீட்டர் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, இதையே முதல் ஸ்லைடாக வை என்றார். 12லிருந்து 20 தாவலை வெப்பநிலைக்கு எதிராக அரை டிகிரிக்கு ஒரு புள்ளி என்று மறுபடி எடுக்கிறேன். அடுக்குப் பூச்சுக்கு அடுத்த வாரம் இயந்திரம் கேட்டிருக்கிறேன். ஐ.டி.ஓ.வை அடுக்குகளுக்கு உள்பக்கம் வைத்தால் அது ஒளியைக் கொஞ்சம் விழுங்கி, அந்த மெல்லிய கோட்டை அகலமாக்கிவிடுமா?

ஓபல்காரி எழுதியது:

ஆம், விழுங்கும், கோடு அகலமாகும். முதல் செல்லில் வெளியே வையுங்கள், மின்னழுத்தம் கூடினால் கூடட்டும். 6 மில்லிசெகண்ட் கிடைத்த அந்த ஆசிலோஸ்கோப் படத்தையும் சேமித்து வையுங்கள், குழு கேட்கும்.